புரிந்துணர்வு ஒப்பந்தம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

கேள்வி இது. ஒரு மாவட்டத்தில் ஆறு தொண்டு நிறுவனங்கள் குழந்தைகளுக்காக வேலை செய்கின்றன. சிலர் பட்டறைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் மீட்கப்படும் குழந்தைகளைக் கவனிக்கிறார்கள், சிலர் ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் தனியாகத் திரியும் குழந்தைகளை. ஆளுக்கொரு பக்கம் இழுக்காமலிருக்க எல்லோரும் சேர்ந்து புரிந்துணர்வு ஒப்பந்தம் போடலாமா? அரசு அலுவலகங்களோடும் போட வேண்டுமா? அதில் எதை எழுதுவது?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலையில் மூன்று விதமான உறவுகள் இருக்கின்றன. ஒன்று, சட்டமே கட்டளையிட்டிருக்கும் உறவு. அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை, ஒப்பந்தம் போட்டு அதை மாற்றவும் முடியாது. இரண்டாவது, பணமோ கட்டடமோ சம்பள ஆளோ கைமாறும் உறவு. அதற்கு முறையான ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். மூன்றாவது, இரவு பதினொரு மணிக்கு யார் வண்டி எடுத்துக்கொண்டு போவது, ஆஸ்பத்திரியில் யார் உட்காருவது போன்றவை. இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு பக்க நடைமுறைக் குறிப்பு போதும். பெரும்பாலான மாவட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதல் விஷயத்துக்குப் பன்னிரண்டு பக்க ஒப்பந்தம், இரண்டாவதுக்கு வாய்ப்பேச்சு, மூன்றாவதுக்கு ஒன்றுமே இல்லை. குழந்தை தவறிப்போவதோ மூன்றாவதில்தான்.

சட்டம் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பது

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 15-ல். அதன் 31-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக்குழு முன் யாரெல்லாம் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று பட்டியலிடுகிறது. போலீஸ், தொழிலாளர் துறை ஆய்வாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் (குழந்தைப் பாதுகாப்புக்கான மாவட்ட அரசு அலுவலகம்) அலுவலர், அரசு அங்கீகரித்த தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், பொதுநல எண்ணம் கொண்ட எந்தக் குடிமகனும், மருத்துவர், செவிலியர், ஏன், அந்தக் குழந்தையே கூட. காலக்கெடு 24 மணி நேரம், பயண நேரம் நீங்கலாக. ஆகவே "மீட்கப்பட்ட குழந்தையை இன்ன நிறுவனம் மட்டுமே குழு முன் நிறுத்தும்" என்று உங்களுக்குள் எழுதிக்கொள்வது செல்லாது. யார் கையில் குழந்தை இருக்கிறதோ அவருக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

நலக்குழு என்பது, அப்படிப்பட்ட குழந்தை எங்கே, யாரிடம் இருக்க வேண்டும் என்று ஆணையிடும் சட்டபூர்வமான குழு, ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் அமர வேண்டும். "இன்று குழு கூடவில்லை, திங்கட்கிழமை வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் பலர். திரும்ப வேண்டியதில்லை. குழு அமராத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன் குழந்தையை நிறுத்தித் தங்குமிட ஆணை வாங்கலாம் என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. அது அடுத்த அமர்வில் குழுவின் ஒப்புதலுக்கு வரும். ஐந்து உறுப்பினர்களில் எந்தக் கிழமை யார் வீட்டிலோ தொலைபேசியிலோ கிடைப்பார் என்ற பட்டியல் உங்கள் நடைமுறைக் குறிப்பில் இருக்க வேண்டிய முதல் தாள்.

அடுத்தது தங்குமிடம். இங்கேதான் நல்லெண்ணம் ஆளைச் சிக்கவைக்கும். ஒரு நிறுவனத்திடம் காலியாக ஓர் அறை இருக்கிறது, இன்னொன்றிடம் குழந்தை இருக்கிறது, "எங்களிடமே ஒரு வாரம் இருக்கட்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். 41-ஆம் பிரிவின்படி குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த நிறுவனமும் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் 42-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பதிவுக்கு விண்ணப்பிப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். முழுநேர இல்லம் நடத்தாத நிறுவனத்துக்கு ஒரு வழி உண்டு. 51-ஆம் பிரிவின்கீழ், குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் குழந்தையைத் தற்காலிகமாக ஏற்கத் தகுந்த இடம் என்று நலக்குழுவிடம் அங்கீகாரம் கேட்கலாம். ஆறு நிறுவனங்களில் குறைந்தது இரண்டு இந்த அங்கீகாரம் வாங்கிவைத்திருந்தால், ஒப்பந்தத்தில் தங்குமிடம் பற்றி எழுதலாம். இல்லாவிட்டால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

பாலியல் குற்றம் தொடர்பான வழக்கில் இன்னும் கறார். போக்சோ சட்டம், 2012-ன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததையோ நடக்கக்கூடும் என்பதையோ அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. கூட்டமைப்பு ஒப்பந்தங்களில் அடிக்கடி தென்படும் ஒரு வரி, "எந்தப் புகாரும் முதலில் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்டு, அவர் ஆலோசனைப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." ஒருங்கிணைப்பாளர் ஊரில் இல்லாத மூன்று நாளும் சட்டமீறல்தான். இந்த வரி உங்கள் வரைவில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். காவல்துறையும் தன் பங்குக்கு 24 மணி நேரத்துக்குள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முழுக்கக் குழந்தையோடு நிற்கும் ஆதரவு நபரை நியமிப்பது நலக்குழு. நிறுவனங்கள் பெயர்ப் பட்டியல் கொடுக்கலாம், தாங்களே நியமித்துக்கொள்ள முடியாது. அவசர சிகிச்சைக்கு முன் போலீஸ் கடிதம் கொண்டுவா என்று மருத்துவமனை கேட்கக் கூடாது என்பதையும் 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளே சொல்லிவிடுகின்றன. அதற்காக மருத்துவமனையோடு தனி ஒப்பந்தம் தேடி அலைய வேண்டாம், விதியின் நகலைப் பையில் வைத்திருந்தால் போதும்.

அரசு அலுவலகத்தோடு எதைப் போடுவது

மாவட்ட அலுவலர் ஒருவரோடு நிறுவனத் தலைவர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்குச் சுவரில் மாட்டுவதைத் தாண்டி அநேகமாக மதிப்பில்லை. அரசியலமைப்பின் 299-ஆவது பிரிவின்படி மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநரின் பெயரால், அதற்கு அதிகாரம் பெற்றவரால் செய்யப்பட வேண்டும். அந்த வடிவத்தில் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு அரசைக் கட்டுப்படுத்த முடியாது.

நடைமுறையில் உங்களுக்கு வேண்டியது ஒப்பந்தமே இல்லை, ஆணை. மாவட்ட ஆட்சியரின் செயல்முறை ஆணை ஒன்று, துறைத் தலைவர்களின் அனுமதிக் கடிதங்கள் சில. பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலர், அரசு மருத்துவமனைக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அதன் முதல்வர், காவல் நிலையங்களுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாநகரமானால் ஆணையர். கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும். எந்தப் பணி, எந்த இடங்களில், எந்தத் தேதி வரை, யாருக்கு நகல். நகல் என்ற கடைசி வரிதான் உயிர். கண்காணிப்பாளர் உங்களுக்குக் கொடுத்த கடிதம் காவல் நிலையத்துக்கு நகலாகப் போகாவிட்டால், இரவுப் பணியில் இருக்கும் எழுத்தருக்கு நீங்கள் யாரோ.

கடிதம் பதவியின் பெயருக்கு இருக்க வேண்டும், ஆளின் பெயருக்கு அல்ல. அலுவலர் மாறுவார். மாறிய பத்து நாளுக்குள் பழைய ஆணையின் நகலோடு புதியவரைப் போய்ப் பார்ப்பது யார் பொறுப்பு என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி எழுதிவையுங்கள். ஒருங்கிணைப்பு அறுந்துபோவதற்குச் சண்டையைவிட மாறுதல் ஆணைதான் பெரிய காரணம்.

ரயில் நிலையம் தனி உலகம். அங்கே இரண்டு போலீஸ் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது, இருப்புப்பாதை காவல்துறை மாநிலத்துடையது. குழந்தையைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பாதுகாப்புப் படை. கடத்தல் மாதிரியான குற்றத்தில் முதல் தகவல் அறிக்கை போடுவது இருப்புப்பாதை காவல்துறை. நடைமேடையில் உதவி மேசை போட இடம் கொடுப்பது ரயில்வே நிர்வாகம், அதாவது கோட்ட மேலாளர் அலுவலகம். ஒருவரிடம் அனுமதி வாங்கிவிட்டு மற்ற இருவரும் அதை மதிப்பார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ரயில்வேயோடு தொடர்புக்கு வரும் குழந்தைகளுக்கென்று ரயில்வே அமைச்சகமே 2015-ல் ஒரு செயல்முறை வழிகாட்டி வெளியிட்டு, 2021-ல் திருத்தியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு சுலபமாகும்.

இன்னொரு சிக்கல், பழைய தாள்கள். குழந்தைகளுக்கான 1098 சைல்டுலைன் உதவி எண் 1996-ல் மும்பையில் தொடங்கியது, பல ஆண்டுகளாக மாவட்டந்தோறும் தொண்டு நிறுவனங்களே சைல்டுலைன் பங்காளிகளாக அதை நடத்தின. 2023-லிருந்து அது மாநில அரசுகளின் கைக்கு மாறி, 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டது. அழைப்புக்கு இப்போது ஓடி வருவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு இணைந்த உதவிமையப் பணியாளர்கள். ஆனால் ஊரில் புழங்கும் ஒப்பந்த மாதிரிகள் பல அதற்கு முந்தையவை. "சைல்டுலைன் துணை நிறுவனம் பொறுப்பேற்கும்" என்ற வரியை அப்படியே நகலெடுத்துவிட்டு, அந்த நிறுவனம் யாரென்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பணம்

ஆறு நிறுவனங்களில் ஒன்றை முதன்மையாக வைத்து, வெளிநாட்டு நன்கொடையாளரிடம் அது நிதி வாங்கி மற்ற ஐவருக்கும் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு ஒரு காலத்தில் வழக்கம். இப்போது முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபோது, அந்தப் பணத்தை வேறு எவருக்கும் மாற்றிக்கொடுப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. பெறுபவரிடமும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தால் சரி என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது திருத்தத்துக்கு முந்தைய கதை. அதே திருத்தம் நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்ற தலைவலி இங்கிருந்துதான் வருகிறது.

எனவே கூட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வருமானால், ஒவ்வொரு நிறுவனமும் நன்கொடையாளரோடு தனித்தனி ஒப்பந்தம் போட வேண்டும். உங்களுக்குள் இருப்பது வேலைப் பங்கீட்டுக் குறிப்பாக மட்டும் இருக்கட்டும், அதில் தொகை எதுவும் வேண்டாம்.

அரசு நிதி வேறு மாதிரி படுத்தும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் செலவு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் வருகிறது. தொண்டு நிறுவனம் மானியம் கேட்க நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவெண் வேண்டும். செலவுக்குப் பின், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அது போகாமல் அடுத்த தவணை நகராது. இரண்டு அரசுகளின் பங்கும் வந்து சேரும் வரை இல்லத்தில் அடுப்பு எரிந்தாக வேண்டுமே. மானியம் தாமதமானால் எத்தனை மாதம் சொந்தக் கையிலிருந்து செலவழிக்க முடியும், அதற்குப் பிறகு குழந்தைகளை எங்கே மாற்ற நலக்குழுவைக் கேட்பது என்பதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். யாரும் எழுத விரும்பாத பத்தி இது.

கூட்டமைப்பு என்ற பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க நினைத்தால், அது முதலில் ஒரு சட்ட உருவாக இருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்கீழ் பதியலாம், அறக்கட்டளையாகவும் ஆக்கலாம். என் கருத்தில் முதல் இரண்டு ஆண்டு அதைச் செய்யவே வேண்டாம். புதிய சங்கம் பதிந்த மறுநாளே தலைவர் யார் என்ற கேள்வி வந்துவிடும். பதியாமலே, ஒவ்வொரு நிறுவனமும் தன் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் பெயரைத் தீர்மான நகலோடு இணைத்துவிட்டால் போதும். தீர்மானம் இல்லாமல் நிறுவனர் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அடுத்த செயற்குழு எளிதாகக் கைகழுவிவிடும்.

அந்த இரண்டு பக்கக் குறிப்பு

இனி முக்கியமானதற்கு வருவோம். தன்னார்வமாக, கட்டாயம் இல்லாமல் போட்டுக்கொள்ளும் நடைமுறைக் குறிப்பு. இதில் நோக்கம், தொலைநோக்கு, விழுமியங்கள் என்றெல்லாம் எழுதி முதல் பக்கத்தை வீணாக்காதீர்கள். குழந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒரு பட்டறை மீட்பை எடுத்துக்கொண்டால் அந்த இடங்கள் ஒன்பதுதான் வரும். தகவல் வருதல், மீட்பு, மருத்துவமனை, காவல் நிலையம், நலக்குழு, இல்லம், வீட்டு விசாரணை, வீடு திரும்புதல், பின்தொடர்தல். ஒவ்வொன்றுக்கும் யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தத் தாளோடு என்று நான்கு கட்டம்.

கைமாற்றுச் சீட்டு ஒரு பக்கம், இரண்டு நகல். குழந்தையின் குறியீட்டு எண், தேதி, நேரம், ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர், உடல்நிலை, கண்ணுக்குத் தெரியும் காயம், கையோடு வந்த பொருட்கள், பேசும் மொழி, சாப்பிடும் மருந்து, அடுத்து எங்கே எந்தத் தேதியில் ஆஜர்படுத்த வேண்டும். பொருட்கள் என்ற வரியை அற்பமாக நினைக்க வேண்டாம். உடைந்த கைபேசியில்தான் வீட்டு எண் இருக்கும், கசங்கிய பயணச் சீட்டில்தான் எந்த ஊரில் ஏறினான் என்பது இருக்கும். மருத்துவமனையில் உடை மாற்றும்போது காணாமல் போவதும் இவைதான்.

திரும்பத் தகவல் சொல்வதையும் கெடு வைத்து எழுதுங்கள், 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனம் இன்னொன்றிடம் குழந்தையை அனுப்பிவிட்டு மூன்று மாதம் கழித்துத் "என்ன ஆயிற்று" என்று கேட்டால் பதில் இல்லை என்பதுதான் பரவலான மனத்தாங்கல். அனுப்பியவருக்கு இரண்டு வரி போய்ச் சேராவிட்டால் அடுத்த குழந்தையை அவர் அனுப்ப மாட்டார். தானே வைத்துக்கொள்வார், அல்லது வேறெங்கோ அனுப்புவார். ஒத்துழைப்பு முறிவது பெரும்பாலும் இந்த இரண்டு வரியில்.

ஒரு குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர். எத்தனை நிறுவனம் கைகொடுத்தாலும் கோப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். பொறுப்பு மாறினால் எழுத்தில் மாற வேண்டும். இரண்டு நிறுவனம் ஒரே குழந்தையின் வீட்டுக்குத் தனித்தனியே போய் விசாரித்து, இரண்டு விதமான அறிக்கை நலக்குழு மேசைக்குப் போனால், குழு இரண்டையும் நம்பாது. சமூக விசாரணை 15 நாளுக்குள் முடிய வேண்டும், முதல் நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை தர வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு கெடு வைத்திருக்கிறது. இரட்டை அறிக்கைக்கெல்லாம் அங்கே நேரமில்லை.

பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த குழந்தையானால் இந்தப் பதினைந்து நாள் பறந்துவிடும். முகவரி என்று குழந்தை சொல்வது ஒரு கிராமத்தின் பெயர், அதே பெயரில் அந்த மாவட்டத்தில் நான்கு ஊர் இருக்கும். அதிகாரப்பூர்வமான வழி, நம் நலக்குழு அந்த மாவட்ட நலக்குழுவுக்கு எழுதுவது. அதோடு அங்கே இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தோடு தன்னார்வப் புரிதல் இருந்தால், அவர்கள் ஊருக்கு நேரில் போய்ப் பார்த்து, குடும்பத்தை அடையாளம் கண்டு, அந்த ஊர் நலக்குழு வழியாகவே அறிக்கையை அனுப்ப முடியும். நேரடியாக உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிக்கை கோப்பில் ஏறாது. அனுப்பிவைத்த தரகரே உறவினராக வந்து நிற்பது நடக்கக்கூடியது என்பதால், யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் குழுதான் தீர்மானிக்க வேண்டும், களப்பணியாளர் அல்ல.

மீட்பு நாளில் கிளம்பும் தகராறுகள் பெரும்பாலும் வயதைப் பற்றியவை. முதலாளி பதினெட்டு முடிந்தது என்பார், ஆதாரைக் காட்டுவார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு சான்றுகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்பு வளர்ச்சிச் சோதனை, அதுவும் ஆணையிட்ட 15 நாளுக்குள். பார்த்தாலே குழந்தை என்று தெரிந்தால் குழு அதைப் பதிவுசெய்துவிட்டு மேலே போகலாம். மீட்புக் குழு பட்டறை வாசலில் நின்று வயதை வாதிட வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் குழந்தை என்று கொண்டு குழு முன் நிறுத்துவதே வேலை. இன்னொன்று, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976-ன்கீழ் வர வேண்டிய விடுதலைச் சான்று. அதைக் கொடுப்பது வருவாய்த்துறை. மீட்பின்போது வருவாய் அலுவலர் உடன் இல்லாவிட்டால், அன்றே பதிவாக வேண்டிய வாக்குமூலம் பிறகு கிடைக்காது, சான்று இல்லாமல் மத்தியத் திட்டத்தின் உடனடி உதவித்தொகைக்கும் வழியில்லை. ஆகவே குறிப்பில் "மீட்புக்கு முந்தைய நாள் மாலைக்குள் இந்த ஐவருக்கும் தகவல்" என்ற வரி வேண்டும். தொழிலாளர் துறை, காவல், வருவாய், பாதுகாப்பு அலகு, உடன் போகும் நிறுவனம். இடத்தின் பெயர் மட்டும் கடைசி நேரம் வரை சொல்லப்படாமல் இருக்கட்டும். ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

படமும் பெயரும்

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நடக்கிறது. மீட்பு முடிந்த மாலையே ஒரு நிறுவனம் முகநூலில் படம் போடும், முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பின்னால் பட்டறையின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும். கூட்டமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆறு நிறுவனங்களின் முப்பது பேர் இருப்பார்கள், அங்கே ஆதார் நகல் சுற்றும். குழுவில் குறியீட்டு எண் மட்டும், பெயர் கோப்பில் மட்டும் என்று எழுதுங்கள். வேலையை விட்டுப் போனவரை அன்றே குழுவிலிருந்து நீக்குவது யார் என்பதையும். ஊடகத்திடம் யார் பேசுவது என்பதற்கு ஒருவரைக் குறிப்பிட்டு, அவரும் மாவட்ட நிர்வாகம் பேசிய பிறகே பேசுவார் என்று வைத்துக்கொள்வது நல்லது. "யார் மீட்டது" என்ற பெருமைச் சண்டையும் இதில் பாதி அடங்கிவிடும்.

கட்டாயம் இல்லாதது எதனால் நிற்கும்?

கையெழுத்துக்குச் சட்ட பலம் இல்லாதபோது ஏன் ஒருவர் அதன்படி நடக்க வேண்டும் என்ற சந்தேகம் நியாயமானது. இதற்கு நாகப்பட்டினத்தில் ஒரு பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து இறங்கின. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் உள்ளூர் சினேகா அமைப்பும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. யாரையும் அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் வந்தவர்கள் அங்கே போனார்கள், ஏனென்றால் எந்தக் கிராமத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற தகவல் அங்கேதான் இருந்தது. போனால் தங்கள் வேலை சுலபமாயிற்று.

வீடுகள் கட்டும் கட்டத்தில் இன்னொரு வகை வந்தது. அரசு நிலம் கொடுக்கும், தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுக்கும் என்று மாவட்ட நிர்வாகத்தோடு முறையான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். பெரிய பணமும் நிலமும் இருந்ததால் அது சரிதான். ஆனால் படகு விஷயத்தில் மையம், ஒப்பந்தம் இரண்டுமே பலிக்கவில்லை. ஆளாளுக்குக் கண்ணாடியிழைப் படகு கொடுத்தார்கள், முன்பு இருந்ததைவிடப் படகுகள் பெருகின, ஏறி ஓட்ட ஆள் போதாமல் போனது. கொடுப்பவருக்குத் தன் பெயர் எழுதிய படகு வேண்டியிருந்தது. எந்த ஊரில் எத்தனை ஏற்கெனவே வந்துவிட்டது என்று தெரிந்திருந்தும் கொடுத்தவர்கள் உண்டு. தகவல் மையம் இருந்தால் மட்டும் ஆசை அடங்கிவிடாது என்பதற்கு இது சாட்சி.

உங்கள் மாவட்டத்துக்கு இதிலிருந்து எடுக்கக்கூடியது: எல்லோருக்கும் அன்றாடம் தேவைப்படும் ஒரு தகவலை ஒரே இடத்தில் வைத்திருங்கள். எந்த இல்லத்தில் இன்று எத்தனை இடம் காலி, ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த வயது. தினம் மாலை ஆறு மணிக்குப் புதுப்பித்த ஒற்றைத் தாள். அதற்காகவே பாதுகாப்பு அலகும் காவல் நிலையமும் உங்களை அழைக்கத் தொடங்கும். அலகுக்கு இது ஏற்கெனவே தெரியாதா என்றால், மாதாந்திர அறிக்கையில் தெரியும், இன்று இரவுக்குத் தெரியாது.

மாதக் கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். சாதனைகள் வாசிக்க வேண்டாம், சிக்கி நிற்கும் குழந்தைகளின் கோப்புகளை மட்டும் எடுங்கள். அரசுப் பக்கம் அடைப்பு என்று தெரிந்தால், நலக்குழுவின் செயல்பாட்டை மாவட்ட ஆட்சியர் காலாண்டுக்கு ஒரு முறை ஆய்வு செய்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஆய்வுக்கு இரண்டு வாரம் முன்பே, பெயர்கள் இல்லாமல், "இத்தனை குழந்தைகள் நான்கு மாதம் தாண்டியும் இறுதி ஆணைக்குக் காத்திருக்கிறார்கள்" என்று எண்ணிக்கையாக ஒரு பக்கம் கொடுங்கள். எண்ணிக்கைக்குப் பதில் வரும், மனக்குறைக்கு வராது.

விலகுவதற்கும் ஒரு பத்தி வேண்டும். எந்த நிறுவனமும் 30 நாள் அறிவிப்போடு விலகலாம். அதன் கையிலிருக்கும் குழந்தைகளின் கோப்புகள் நலக்குழுவுக்குத் தெரிவித்து எழுத்துமூலம் கைமாறிய பிறகே விலகல் செல்லும். நிதி தீர்ந்து ஒரே வாரத்தில் கதவடைத்த நிறுவனத்தின் இரும்பு அலமாரியில் வழக்குக் கோப்புகள் பூட்டிக் கிடந்தால், நீதிமன்றத்துக்கு யார் என்ன சொல்வது?

எங்கிருந்து தொடங்குவது என்றால், ஒப்பந்தத்திலிருந்து வேண்டாம். இந்த வாரம் இரவுப் பணிப் பட்டியலும் கைமாற்றுச் சீட்டும். மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். பிறகு முடிந்த கோப்புகளில் ஐந்தைக் கண்ணை மூடி எடுத்து, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சீட்டு இருக்கிறதா, நேரம் எழுதியிருக்கிறதா, திரும்பத் தகவல் போனதா என்று ஆறு நிறுவனத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சரிபாருங்கள். எந்தக் கட்டம் அதிகம் காலியாக இருக்கிறதோ, அதற்கு மட்டும் முறையான ஒப்பந்தமோ ஆட்சியரின் ஆணையோ கேட்டுப் போகலாம்.